ஜல்லிக்கு மயக்கம் தெளிஞ்ச சாயங்காலம்

ஒரு ஊருக்கு வெளியில ஒரு ரயில்வே கேட் இருந்துச்சு. ராஜபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவுல. சுத்திலும் பருத்திக்காடு. காட்டுக்கு நடுவுல ஒரு ரோடு, ரோட்டுக்குக் குறுக்கால ஒரு தண்டவாளம், ரெண்டும் சேர்ற இடத்துல ஒத்த ரூம். அந்த ரூம்ல ஒரு கேட் கீப்பர். அவ பேரு பேச்சித்தாய்.

"ம்" சொல்லு கண்ணு. சொன்னாத்தான் பெரியம்மா மேல போவேன்.

— ம்.

பேச்சித்தாய்க்கு என்ன வேலைன்னா, ரூம்ல ஒரு போன் இருக்கும். அது டிரிங் டிரிங்னு அடிக்கும். எடுத்தா ஸ்டேஷன் மாஸ்டர், "வண்டி வருதும்மா, கேட்டைப் போடு"ம்பாரு. இவ ஓடிப் போயி சக்கரத்தைச் சுத்துவா. கரக் கரக் கரக். ரெண்டு பக்கமும் கேட்டு இறங்கும். அப்புறம் ரூமைச் சுத்திப் போயி, தண்டவாளத்துப் பக்கம் பச்சைக் கொடியோட நிமிர்ந்து நிப்பா. ரயில் தடதடதடன்னு போகும். போனதும் திரும்பச் சுத்துவா, கேட்டு ஏறும். சோத்துல கை வச்சிருந்தாலும் சரி, உடம்புக்கு முடியலைன்னாலும் சரி, போன் அடிச்சா எந்திரிச்சுடணும்.

அவ கூட ஒரு பூனை இருந்துச்சு. தண்டவாளத்துல கொட்டிக் கிடக்குமே கல்லு, அந்தக் கல்லுக் கலரு. அதனால ஜல்லின்னு பேரு வச்சுட்டா. பேச்சித்தாயோட மக கல்யாணமாகித் திருப்பூர் போனதுக்கப்புறம், அவ வீட்டுலயும் சரி, ரூம்லயும் சரி, பேசுறதுக்கு ஜல்லி ஒண்ணுதான். "ஏட்டி ஜல்லி, இன்னைக்கு வண்டி லேட்டுடி"ம்பா. அது "மியாவ்"னு கேட்டுக்கும்.

— ம்.

அப்போ ஒரு நாள் ஜல்லியைக் காணோம். அடுத்த நாளும் காணோம். மூணாம் நாள் காலையில நொண்டி நொண்டி வருது. பின்னங்கால்ல கட்டுக்கம்பி சுத்திக்கிட்டு இருக்கு. எவனோ வேலி கட்டிட்டு மிச்சக் கம்பியை வீசிட்டுப் போயிருக்கான். இது உருவப் பார்க்க, அது இறுக, கால் வீங்கி, கம்பி சதைக்குள்ள போயிடுச்சு. தொட்டா "கர்ர்ர்"ருங்குது. பேச்சித்தாய் கையைப் பிராண்டி வச்சிருச்சு.

அவ மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. அங்க டாக்டர் ஆக்னஸ்னு ஒரு டாக்டரம்மா. கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. "முழிச்சிருக்கையில இதை எடுக்க முடியாதும்மா. ஊசி போட்டுத் தூங்க வச்சுத்தான் வெட்டி எடுக்கணும். நாளைக்குக் காலையில கொண்டாங்க. ராத்திரியிலேருந்து ஒண்ணும் கொடுக்காதீங்க, வயிறு காலியா இருக்கணும்"னாங்க.

என்னது? ஊசி வலிக்குமான்னா... சுருக்குனு ஒரு தடவை வலிக்கும். அப்புறம் தூக்கம் வந்துடும். கம்பியை வெட்டுனது, தையல் போட்டது எதுவுமே ஜல்லிக்குத் தெரியாது. சரியா?

— ம்.

மறுநாள் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கால்ல வெள்ளைக் கட்டு. டாக்டரம்மா ஜல்லியை ஒரு துணியில சுத்திக் கொடுத்தாங்க. பேச்சித்தாய் வாங்கிப் பார்த்தா, அய்யோ! கண்ணு ரெண்டும் திறந்திருக்கு. ஆனா பார்க்கலை. நாக்கு ஓரமா எட்டிப் பார்க்குது. உடம்பு துணி மாதிரித் தொங்குது.

"டாக்டரம்மா... இது போயிருச்சா?"

"சேச்சே! மயக்கத்துல பூனை கண்ணைத் திறந்துக்கிட்டேதான் தூங்கும். கண்ணு காயாம இருக்க மருந்து போட்டிருக்கேன். நெஞ்சுல கை வச்சுப் பாருங்க."

வச்சுப் பார்த்தா. மெதுவா ஏறி இறங்குச்சு. இவளுக்கும் அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

"இனிமேத்தான் கவனம்"னாங்க டாக்டரம்மா. "சாயங்காலம் வரைக்கும் அரை மயக்கமா இருக்கும். எந்திரிக்கும், தள்ளாடும், விழும். அதுக்கு எது மேடு எது பள்ளம்னு தெரியாது. அதனால தரையிலயே போடுங்க. கதகதப்பா வச்சுக்கோங்க. வெளிய விட்டுடாதீங்க. நேரா நின்னு, நேரா நடக்குற வரைக்கும் தண்ணி கூடக் கூடாது. முக்கியமா இருட்டா, அமைதியா ஒரு இடம் வேணும். சத்தமே ஆகாது."

பேச்சித்தாய் அவங்களையே பார்த்தா. "டாக்டரம்மா, நான் ரயில்வே கேட்ல வேலை பார்க்குறேன்."

"முடிஞ்ச வரைக்கும் பாருங்க"ன்னாங்க டாக்டரம்மா.

மத்தியானம் ரெண்டு மணிக்கு டூட்டி. லீவு கேட்டுப் பார்த்தா. மாத்தாளு இல்லை. வீட்டுல விட்டா பார்த்துக்க யாரும் இல்லை. என்ன செய்வா? ஒரு அட்டைப்பெட்டியில பழைய சேலையை மெத்தை மாதிரி மடிச்சுப் போட்டு, ஜல்லியைப் படுக்க வச்சு, மேல மூடி, ஓட்டை போட்டு, கேட் ரூமுக்கே தூக்கிட்டு வந்துட்டா. ஜன்னலைச் சாத்துனா. பெட்டியை மூலையில தரையில வச்சா.

— ம்.

அன்னைக்குக் காலையில மழை வேற. தரை ஜில்லுனு இருக்கு. பெட்டிக்குள்ள கையை விட்டு ஜல்லி காதைத் தொட்டா, காதும் ஜில்லுனு இருக்கு! கதகதப்பா வைக்கச் சொன்னாங்களே. சுடுதண்ணிக்கு எங்க போறது? அங்க அடுப்பும் இல்லை. பிளாஸ்க்ல டீ இருந்துச்சு. அந்த டீயை அப்படியே தண்ணி பாட்டில்ல ஊத்துனா. சூடு நேரா மேல படக்கூடாதுன்னு ஒரு பழைய துணியை ரெண்டு சுத்துச் சுத்தி, பெட்டிக்குள்ள ஓரமா வச்சா. சிரிக்காத! டீ வாசனையோட ஒரு பூனை அங்க தூங்குச்சு. கொஞ்ச நேரத்துல காது வெதுவெதுன்னு ஆயிடுச்சு.

அப்பாடான்னு உட்கார்ந்தா. உட்கார்ந்தாளோ இல்லையோ...

டிரிங் டிரிங்!

முதல் வண்டி. பாசஞ்சர். ஓடுனா, கரக் கரக் கரக், கேட்டைப் போட்டா, கொடியோட போயி நின்னா. ரெண்டு பக்கமும் வண்டிங்க வந்து சேருது. டிராக்டர், பைக்கு, லாரி. அதுல ஒரு மினி பஸ். அந்த மினி பஸ்ஸை ஓட்டுறது சுடலைமணின்னு ஒருத்தன். அவனுக்கு ஹாரன்னா உசிரு. பத்து வீட்டுக்கு அந்தப் பக்கம் அடிச்சாலும் "சுடலைமணி வர்றான்"னு சொல்லிடுவாங்க. கேட்டு மூடியிருந்தா அவனுக்குக் கை சும்மா இருக்காது.

பாம் பபாம் பபாம் பபாம்!

ரூமுக்குள்ள டம்முனு ஒரு சத்தம். தொம் தொம்முனு பெட்டி குதிக்குறது கேக்குது. பேச்சித்தாய் திரும்பி ரூமைப் பார்த்தா. ஆனா கொடியை விட்டுட்டுப் போக முடியுமா? ரயிலு அந்தா வருது. நின்னா. தடதடதடன்னு கடைசிப் பெட்டி போற வரைக்கும் நின்னா. அப்புறம் ஒரே ஓட்டம்.

பெட்டி சாய்ஞ்சு கிடக்கு. ஜல்லி தலைகுப்புற ஒரு மூலையில மாட்டிக்கிட்டு, மூக்கு சேலைக்குள்ள புதைஞ்சு, மூச்சு விட முடியாம "கொர்... கொர்..."ருங்குது. பேச்சித்தாய் சட்டுனு சேலையை விலக்கி, ரெண்டு கையாலயும் மெதுவா எடுத்து, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கழுத்தை நேரா நீட்டி விட்டா. ஒண்ணு... ரெண்டு... மூணாவதா ஒரு பெரிய மூச்சு வந்துச்சு. உதட்டை விலக்கிப் பார்த்தா ஈறு ரோஸ் கலரு. நல்லாத்தான் இருக்கு.

கேட்டைத் திறந்ததும் சுடலைமணி பஸ்ஸை ரூம்கிட்ட நிறுத்துனான். "என்னக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"உள்ள ஜல்லி ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல கிடக்குது தம்பி. நீ அடிச்ச ஹாரன்ல உதறி விழுந்து, இப்ப மூச்சடைச்சுப் போகப் பார்த்துச்சு."

அவன் ஹாரன்ல இருந்த கையை எடுத்தான். பஸ்ஸை மெதுவா நகர்த்திட்டுப் போனான்.

முழிச்சிருக்கியா?

— ம்.

பேச்சித்தாய் யோசிச்சா. மூடி போட்டு வச்சா உள்ள மாட்டிக்கிட்டா தெரியமாட்டேங்குது. அதனால மூடியைத் திறந்தே வச்சுட்டு, ரூம் கதவைச் சாத்தி வெளியில கொண்டி போட்டா. இது போதும்னு நினைச்சா.

அப்புறம் ரெண்டாவது வண்டி. கூட்ஸ். டிரிங் டிரிங், கரக் கரக், கேட்டு இறங்குச்சு. சுடலைமணி திரும்பி வந்திருந்தான். பஸ்ஸை அணைச்சுட்டுக் கீழ இறங்கி, கையில ஒரு பால் பாக்கெட்டோட கேட்டுகிட்ட ஓடி வர்றான்.

"அக்கா, பாவம், வெறும் வயித்தோட கிடக்கும். கொடுங்க."

"இப்பக் கூடாது தம்பி. அதுக்கு முழுங்கத் தெரியாது. பால் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

அவன் பாக்கெட்டைச் சட்டைப்பைக்குள்ள வச்சுக்கிட்டான். அப்புறம் வரிசையில நிக்குற ஒவ்வொரு வண்டிகிட்டயும் போறான். "அண்ணே, ஹாரன் வேண்டாம். உள்ள ஆபரேஷன் பேஷண்ட் இருக்கு. தாத்தா, வண்டியை அணைங்க, உள்ள பேஷண்ட்."

ஒரு லாரிக்காரர், "கேட் ரூம்ல ஏதுய்யா பேஷண்ட்?"ங்குறாரு.

"மயக்கம் தெளியலைண்ணே. பேஷண்ட்டுன்னா பேஷண்ட்டுதான். அணைங்க."

டப்பு... டப்பு... டப்புனு ஒவ்வொரு இன்ஜினா நின்னுச்சு. பேச்சித்தாய் அங்க பதினாலு வருஷமா வேலை பார்க்குறா. கேட்டு மூடியிருக்கையில காத்து பருத்திச் செடியில உரசுற சத்தத்தை அன்னைக்குத்தான் கேட்டா.

ஆனா ரயிலை அணைக்கச் சொல்ல முடியுமா? கூட்ஸ் வந்துச்சு. கடகடகடகட... அம்பது பெட்டி. தரையே ஆடுது. ரூம் ஆடுது. கதவு ஆடுது. கொண்டி ஆடுது. கடகடகடகட... கிணுக், கிணுக், கிணுக்...

டப்!

கொண்டி கழண்டுருச்சு.

பேச்சித்தாய் இந்தப் பக்கம் கொடியோட நிக்குறா, கதவு அந்தப் பக்கம். அவளுக்குத் தெரியலை. கூட்ஸ் போன பிறகு வந்து பார்த்தா கதவு பப்பரப்பான்னு திறந்திருக்கு. பெட்டியில டீ பாட்டில் மட்டும் இருக்கு.

அப்போ, டிரிங் டிரிங்!

"கேட்டைத் திறக்காதம்மா. கூட்ஸ் இங்க வந்து சேர்ந்ததும் எதிர்ல எக்ஸ்பிரஸ்ஸை விடுறேன். பத்து நிமிஷம்"னாரு ஸ்டேஷன் மாஸ்டர்.

"சரிங்க சார்"னா.

— ம்.

பயப்படாத கண்ணு. பெரியம்மா கையைப் பிடிச்சுக்கோ. ஆங்.

வெளியில வந்து அக்கம்பக்கம் பார்த்தா. "ஜல்லீ"ன்னு கத்த வாய் வந்துருச்சு. கத்துனா மிரண்டு ஓடும். எங்க ஓடுறோம்னு அதுக்கே தெரியாது. வாயைப் பொத்திக்கிட்டா. கேட்டுகிட்ட போயி மெதுவா, "தம்பி, ஜல்லியைக் காணோம்"னா.

சுடலைமணி கேட்டுக்கு அடியில குனிஞ்சு உள்ள வரப் பார்த்தான். "வராத! யாரும் உள்ள வரக்கூடாது. வண்டி வரப்போகுது. அங்கயே நின்னு பாருங்க"னா.

எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியில ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு பார்க்குறாங்க. பஸ்ல இருந்தவங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்க்குறாங்க. ஒருத்தரும் பேசலை. ஆனா தண்டவாளம் பூராவும் கல்லு. அந்தக் கல்லுக் கலர்லயே பூனை. எப்படித் தெரியும்?

அப்போ பைக்ல பின்னால உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கையை நீட்டி, ரொம்ப மெதுவா, "அந்தா... வெள்ளையா ஒண்ணு அசையுது பாருங்க"ன்னாங்க.

ஜல்லியோட கால் கட்டு!

ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஜல்லி. எந்திரிக்குது, பொத்துனு விழுது. எந்திரிக்குது, பக்கவாட்டுல ரெண்டு அடி போகுது, பொத்து. அப்புறம் அப்படியே தண்டவாளத்துக்குக் குறுக்க கிடக்குற சிலீப்பர் கட்டை மேல உட்கார்ந்துருச்சு. கண்ணு ரெண்டும் திறந்திருக்கு. எதையும் பார்க்கலை.

தூரத்துல இன்னும் ஒண்ணும் தெரியலை. ஆனா தண்டவாளம் லேசா "ங்ங்ங்"குனு முனக ஆரம்பிச்சுடுச்சு.

பேச்சித்தாய் கையில பச்சைக் கொடியும் இருக்கு, சிவப்புக் கொடியும் இருக்கு. சிவப்பைக் காட்டுனா ரயில் நிக்கும். ஒரு பூனைக்காக எக்ஸ்பிரஸ்ஸை நிறுத்தலாமா? பதினாலு வருஷத்துல அவ ஒரு தடவை கூடச் சிவப்பைக் காட்டுனதில்லை. கை அதுகிட்டப் போயிப் போயி வந்துச்சு. ரெண்டு கொடியையும் இடுப்புல சொருகுனா. தோள்ல கிடந்த துண்டை எடுத்துக்கிட்டா.

ஓடணும் போல இருக்கு. ஓடுனா ஜல்லி மிரளும். அதனால நடந்தா. முப்பது அடி தூரம். ஒரு அடி... ஒரு அடி... கல்லு சரக் சரக்குங்குது. செருப்பைக் கழட்டிட்டா. வெறுங்கால்ல நடந்தா. பேச்சித்தாய் வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே போனா. "ஜல்லி தங்கம், ஜல்லி தங்கம், அசையாதம்மா, அசையாதம்மா."

ஜல்லி காது ஒண்ணு லேசா திரும்புச்சு.

தூரத்துல, கூஊஊஊ!

ஜல்லி உடம்பு விறைச்சு எந்திரிக்கப் போகுது. பேச்சித்தாய் ஒரே குனி. துண்டை மேல போட்டு, தலையோட காலோட சுருட்டி, நெஞ்சோட சேர்த்து எடுத்துட்டா. அது துண்டுக்குள்ள பிராண்டுது, உதறுது. விடலை. திரும்பி நடந்தா. தண்டவாளத்தை விட்டு வெளிய வந்து, எப்பவும் நிக்குற இடத்துல வந்து நின்னா.

இடது கையில பூனை. வலது கையில பச்சைக் கொடி. நிமிர்ந்து நின்னா.

கொஞ்ச நேரத்துல எக்ஸ்பிரஸ் வந்து, தடதடதடதடன்னு போயே போச்சு. அவ தன் தாடையை ஜல்லி தலை மேல வச்சு அமுத்தி, காதை மூடிக்கிட்டு நின்னா. முந்தானை பறந்துச்சு. கடைசிப் பெட்டி போச்சு. காத்து அடங்குச்சு.

கேட்டுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டாங்க பாரு, உஸ்ஸ்ஸ்னு, அது ரயில் சத்தத்தை விடப் பெரிசா கேட்டுச்சு.

— ம்.

அப்புறம் கேட்டு ஏறுச்சு. ஒருத்தர் கூட முந்தலை. ஒவ்வொரு வண்டியா, மெதுவா, உர்ர்ருனு நகர்ந்து போச்சு. லாரிக்காரர் போறப்ப எட்டிப் பார்த்து, "பேஷண்ட் சௌக்கியமா?"ன்னு கிசுகிசுன்னு கேட்டாரு. பேச்சித்தாய் தலையை ஆட்டுனா. சுடலைமணி மட்டும் இறங்கி வந்து, அந்தக் கொண்டியைப் பார்த்தான். பஸ்ல கிடந்த ஒரு கயித்துத் துண்டை எடுத்துட்டு வந்து, கொண்டியோட சேர்த்து மூணு முடிச்சுப் போட்டுக் காட்டிட்டுப் போனான்.

இவ பெட்டியில ஜல்லியைப் படுக்க வச்சா. பக்கத்துல தரையிலயே உட்கார்ந்துட்டா. உள்ளங்கால்ல ரத்தம் கசிஞ்சிருக்கு, அதை அப்பத்தான் பார்த்தா. ஏன்னே தெரியாம அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா. "கூறுகெட்ட பூனை! எங்கடி போனே? எந்த ஊருக்குப் போறதா நினைப்பு?"

அஞ்சு மணி இருக்கும். ஜல்லி கண்ணைச் சிமிட்டுச்சு. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. கண்ணுல வெள்ளையா இருந்த திரை விலகுச்சு. பேச்சித்தாயைப் பார்த்துச்சு. நிஜமாவே பார்த்துச்சு. எந்திரிச்சுது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறிச்சுது. பெட்டியை விட்டு இறங்கி, நொண்டிக்கிட்டே ஆனாலும் நேரா, மூணு அடி, நாலு அடி, அஞ்சு அடி நடந்து வந்து அவ முழங்கால்ல தலையை முட்டுச்சு.

அவ தன் செல்லுலேருந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா.

"நேரா நடக்குதா?"

"நடக்குதும்மா."

"உங்களை அடையாளம் தெரியுதா?"

"மடியில ஏறி உட்கார்ந்துருச்சும்மா."

"அப்ப இனி பயமில்லை. முதல்ல ஒரு கரண்டி தண்ணி. வாந்தி எடுக்கலைன்னா அரை மணி கழிச்சுக் கொஞ்சூண்டு சாப்பாடு. தையலை நக்க விடாதீங்க. பேச்சித்தாய், நீங்க சாப்பிட்டீங்களா?"

பேச்சித்தாய் யோசிச்சுப் பார்த்தா. காலையிலேருந்து சாப்பிடவே இல்லை!

ஜல்லி தண்ணி குடிச்சுது, சளப் சளப் சளப். அரை மணி பொறுத்து, வீட்டுலேருந்து கொண்டாந்திருந்த அவிச்ச மீனைப் பிசைஞ்சு சுண்டைக்கா அளவு வச்சா. தின்னுச்சு. இன்னும் வேணும்னு பார்த்துச்சு. "போதும்டி, மெதுவா"ன்னா. அப்புறம் தூக்குவாளியைத் திறந்து, ஆறிப்போன புளிச்சோத்தை அவளும் சாப்பிட்டா. அந்த மாதிரி ஒரு சாப்பாட்டை அவ சாப்பிட்டதே இல்லையாம்.

இருட்டிக்கிட்டு வர்ற நேரம். டிரிங் டிரிங். எந்திரிச்சுப் போயி கேட்டைப் போட்டா, கொடியைக் காட்டுனா. ரயில் தடதடன்னு போச்சு. போனதும் வந்து கதவைக் கொஞ்சமா திறந்து எட்டிப் பார்த்தா.

ஜல்லி அசையவே இல்லை. கண்ணை இறுக்க மூடி, வாலை மூக்கு மேல போர்த்திக்கிட்டு, உர்ர்... உர்ர்ருனு சொந்தத் தூக்கம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

பேச்சித்தாய் அந்தக் கதவைச் சத்தம் போடாமச் சாத்துனா.

கண்ணு?

கேக்குறியா?

...

சரி சரி. பூனையும் பிழைச்சுது, கதையும் வீடு வந்து சேர்ந்துச்சு. போர்வையை இழுத்து விடுறேன். தூங்கு.